ஏழு பேருக்கான வெளிச்சம்

நாற்பதாவது நிமிடத்தில் வெளிச்சம் கூடியிருந்தது.

மீட்டரக்கா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். பிறகு மீட்டரின் கண்ணாடியைத் துணியால் துடைத்து, சுவரில் பென்சிலால் வட்டம் போட்டிருந்த அதே இடத்தில் மறுபடியும் பொருத்திப் பிடித்தாள். மங்கலான சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி நின்றன. எழுபத்தொன்று. பத்து நிமிடத்துக்கு முன்னால் அறுபத்தாறு. நோட்டில் அவளே கைப்பட எழுதியிருந்தாள்.

அந்தத் தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வெளிச்சத்தை அளக்கிற வேலை அவளுக்கு. சொந்தப் பெயரைச் சம்பளத் தாளில் பார்த்தால் அவளுக்கே யாரோ போலத் தோன்றும். அந்த அளவுக்கு எல்லாருக்கும் மீட்டரக்கா ஆகிவிட்டாள். மாடிப்படி ஓரத்தில் ஒட்டும் பட்டை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாட்டும் அம்புக்குறி, கப்பலின் அடித்தளத்துக் கதவுகளில் பொருத்தும் பலகை என்று கரண்ட் போனால் இருட்டில் தானாக ஒளிரும் சாமான்கள் ஆயிரக்கணக்கில் அவள் முன்னால் மங்கி அடங்கியிருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரிதான் அடங்கும். முதல் சில நிமிடம் மளமளவென்று சரியும், பிறகு நிதானித்து, மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும். சரிவது வேகமாக இருக்கலாம், மெதுவாக இருக்கலாம். ஏறிய வெளிச்சம் என்று இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

இன்றைக்கு அவள் அளப்பது பலகையை அல்ல, ஓர் அறையை. அறை என்றுகூடச் சொல்ல முடியாது, இரும்புப் பெட்டி. நாலு தப்படி அகலம், பத்து தப்படி நீளம், கையைத் தூக்கினால் இடிக்கும் கூரை. சுரங்கத்துக்குள் ஏதாவது ஆபத்து வந்தால் ஆட்கள் ஓடிவந்து ஒளிந்துகொண்டு, மேலே இருந்து உதவி வரும்வரை தாக்குப்பிடிக்கிற இடம். சுவர், கூரை, கதவு, உட்காரும் பலகை, கதவின் கைப்பிடி உட்பட அத்தனையிலும் ஒளிரும் பூச்சு. கதவுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு: இந்த அறையில் ஏழு பேருக்கு எட்டு மணி நேரக் காற்று உண்டு. எட்டாவது மணி நேரத்திலும் உள்ளே இருக்கிற ஆளால் அந்த எழுத்தைப் படிக்க முடிகிறதா, கைப்பிடி எங்கே என்று தெரிகிறதா என்பதுதான் சோதனை. மீட்டர் மட்டும் போதாது, மனிதக் கண்ணும் சாட்சி சொல்ல வேண்டும் என்று வாங்குகிறவர்கள் எழுதிக் கேட்டிருந்தார்கள்.

விடுமுறை நாள். இயந்திரங்கள் ஓடவில்லை, கொட்டகையில் பூச்சு கலக்கும் கலவைக்கார அண்ணன் மட்டும். காலை ஒன்பது மணிக்கு ஆளில்லாத பெட்டிக்குள் விளக்கைப் போட்டு, பூச்சு வெளிச்சத்தை நன்றாகக் குடித்து முடித்ததும் அணைத்துவிட்டு, கறுப்புத் திரையை விலக்கி அவளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "எட்டு மணி நேரம் தனியா உக்காரணும். வாய் சும்மா இருக்குமா உனக்கு?" என்று சாத்துமுன் கேட்டுச் சிரித்தார். கதவைப் பூட்டும் வெளிப்பக்கச் சக்கரத்தை அவர் சுற்றிய ஓசை அவள் முதுகெலும்பில் இறங்கியது. நடுவில் கதவைத் திறந்தால் வெளிவெளிச்சம் புகுந்து சோதனை பாழாகிவிடும். ஏற்கெனவே போன வாரம் ஒரு முறை பாழாகி, முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, இப்போது மணி பத்துகூட ஆகவில்லை. எண் எழுபத்தொன்று.

சுவரில் இருந்த போனை எடுத்தாள். கம்பி வழியாக, கொட்டகையின் மறு கோடியில் இருந்த அண்ணனின் கலவை மேசைக்கு நேராகப் போகிற போன் அது.

"அண்ணே, வெளிச்சம் ஏறுது."

"எங்க ஏறுது?"

"மீட்டர்லண்ணே. அறுபத்தாறு இருந்தது எழுபத்தொண்ணு ஆயிடுச்சு."

அந்தப் பக்கம் டம்ளரை மேசையில் வைக்கும் சத்தம். "பதினோரு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வேலைக்குச் சேந்தவ மாதிரி கேக்குற. பெட்டி சின்னது. நீ உள்ள உக்காந்து மூச்சு விட்டுட்டு இருக்க. உன் உடம்புச் சூடு சுவத்துல ஏறுது. சூடு ஏறினா என்ன ஆகும்? புதுப் பசங்களுக்கு நான் பாடம் எடுக்குறப்ப பக்கத்துல நின்னு சிரிப்பியே, மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அண்ணனின் பாடம் தொழிற்சாலையில் பிரபலம். வெளிச்சம் பட்டதும் பூச்சுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் துள்ளிக் குதிக்கின்றனவாம். குதித்தவை வீடு திரும்பும் வழியில் குழிகளில் விழுந்துவிடுகின்றன. ஏறி வரும்போது ஒவ்வொன்றும் ஒரு துளி வெளிச்சத்தைக் கக்கிவிட்டுப் போகிறது. மேலோட்டமான குழியில் விழுந்தவை உடனே ஏறிவிடும். ஆழத்தில் விழுந்தவற்றுக்கு ஏறத் தெம்பு வேண்டும், சூடுதான் அந்தத் தெம்பு. மங்கிப்போன தகட்டில் உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் கையின் அச்சு மட்டும் பளிச்சென்று மின்னும். ஐஸ் கட்டியை வைத்து எடுத்தால் அந்த இடம் இருண்டுபோகும். புதுப் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

"அடி ஆழத்துல விழுந்தது என்னண்ணே ஆகும்?" என்று அவளே ஒரு தரம் கேட்டிருக்கிறாள். "கிடக்கும், வருஷக்கணக்கா. யாராவது வந்து சூடு குடுக்கிற வரைக்கும்" என்றார்.

சரி. உடம்புச் சூடு. அவள் நோட்டில் எழுபத்தொன்று என்று எழுதி, ஓரத்தில் காரணத்தையும் எழுதினாள். எழுதும்போதுதான் விரல்கள் விறைத்திருப்பதைக் கவனித்தாள். பெட்டிக்குள் சூடு ஏறியிருக்கிறது என்றால் தனக்கு ஏன் குளிர்கிறது என்ற கேள்வி வந்தது. வந்த கேள்வியை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இருட்டு அவளுக்குப் பழகிய வீடு. பச்சையும் மஞ்சளும் கலந்த அந்த மங்கிய ஒளியில் உட்கார்ந்தால் மற்றவர்களுக்குப் பயம் வரும், அவளுக்குத் தூக்கம் வரும். வீட்டில் எட்டு வயது மகள் இருட்டுக்குப் பயந்து அழும்போதெல்லாம், "இருட்டுல ஒண்ணும் இல்லடி, இருந்தா அம்மா அளந்திருப்பேன்" என்று சொல்லி மடியில் போட்டுக்கொள்வாள். அதை நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, பலகையில் சாய்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். சோதனைக்காகக் காற்று வரும்படி வைத்திருந்த வளைந்த குழாயில் மெல்லிய இரைச்சல். புதுப் பெயின்ட்டின் நெடி. தொண்டைக்குள் இரும்பின் சுவை. தன் கைக்கடிகாரத்தின் துடிப்பு, அதற்கு நடுவில் தன் மூச்சு, மூச்சு போய் இரும்பில் பட்டுத் திரும்பி வரும்போது இன்னொருவர் மூச்சு மாதிரி கொஞ்சம் தாமதமாகக் கேட்பது. இதெல்லாம் தெரிந்த ஓசைகள்தான் என்று ஒவ்வொன்றாக எண்ணி ஒதுக்கினாள்.

பதினொன்றரைக்கு எண் தொண்ணூற்றெட்டு.

அப்போதுதான் எதிர்ச் சுவரில் அந்தக் கறைகளைப் பார்த்தாள்.

எதிர்ப்பலகைக்கு மேலே, சுவரின் ஒளி ஒரே சீராக இல்லை. அங்கங்கே மங்கலாக, முட்டை வடிவில் ஒரு கறை, அதற்குக் கீழே இரண்டு பக்கமும் சரிந்து அகன்ற ஒரு கறை. பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை, ரோலரைத் தேய்த்தவன் அவசரக்காரன் என்று முதலில் திட்டினாள். கண் பழகப் பழகக் கறைகளுக்கு ஓரம் வந்தது. ஓரம் வந்ததும் உருவம் வந்தது. தலை, கழுத்து, தோள். பக்கத்தில் இன்னொரு தலை, கொஞ்சம் குனிந்தாற்போல. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருக்கிற ஆட்களின் நிழல்.

அவள் எண்ணினாள். ஏழு.

இப்படி நிழல் விழுவது உண்டு. ஒளிரும் சுவரின் முன்னால் யாராவது நிற்கும்போது விளக்கைப் போட்டால், அவர் மறைத்த இடத்தில் வெளிச்சம் ஏறாது. ஆள் நகர்ந்த பிறகும் நிழல் சுவரிலேயே தங்கிவிடும். ஆனால் காலையில் விளக்கு எரிந்தபோது பெட்டிக்குள் யாரும் இல்லை. அவளும் திரைக்கு வெளியேதான் நின்றாள்.

போனை எடுத்தபோது குரல் சற்று உயர்ந்துவிட்டது. "அண்ணே, இந்தப் பெட்டி எங்கேருந்து வந்துச்சு?"

"ஏன்?"

"புதுசு இல்லையா இது?"

அந்தப் பக்கம் அண்ணன் டம்ளரை மேசையில் நகர்த்தும் சத்தம்.

"அண்ணே."

"முதலாளி உன்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு" என்றார் மெதுவாக. "சுரங்கத்துலேருந்து வந்த பெட்டிம்மா. முன்னாடி கீழ இருந்துச்சு. பழைய பூச்சைச் சுரண்டிட்டுப் புதுசு அடிச்சிருக்கோம். முழுசாச் சுரண்ட வரல, அதுக்கு மேலயே அடிச்சுட்டோம்."

"கீழ இருந்ததை ஏன் மேல கொண்டு வந்தாங்க?"

"விபத்து நடந்துச்சாம். புகை. ஏழு பேரு ஓடிவந்து இதுக்குள்ள பூந்துட்டாங்க. ஆறு நாள் கழிச்சுத்தான் கிட்ட போக முடிஞ்சுதாம்."

அவள் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. எட்டு மணி நேரத்துக்கான காற்று.

"பெட்டியைக் கொண்டாந்த லாரிக்காரர் இன்னொண்ணும் சொன்னாரு" என்றார் அண்ணன். "நான் அதைக் காதுல போட்டுக்கல. ஆனா கதவோட வெளிப்பக்கத்துக்குப் பூச்சு அடிச்சது நான்தானே. பாத்தேன். தகரம் பூரா கீறல். மேலேருந்து கீழ வரைக்கும். வெளியில இன்னொருத்தர் இருந்திருக்காரு, எட்டாவதா. தட்டியிருக்காரு. ஏழு பேருக்கான காத்துன்னு எழுதியிருக்குல்ல? அவங்க திறக்கல. கைப்பிடியை உள்ளேருந்து பிடிச்சுக்கிட்டாங்க."

குழாயில் இரைச்சல். சுவரில் ஏழு நிழல்.

டொக்.

கதவில் ஒரு தட்டல். பலமாக இல்லை. விரல் முட்டியால் தட்டுகிற தட்டல்.

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. "அண்ணே, ஏன் இப்படிப் பயமுறுத்துறீங்க! கதையும் சொல்லிட்டுக் கதவையும் தட்டுவீங்களா?"

"நான் எங்கம்மா தட்டினேன்?"

"இப்பத்தானே."

"நான் மேசைகிட்டல்ல உக்காந்திருக்கேன். போன் ஒயரு அவ்வளவு தூரம் வருமா?"

டொக். டொக்.

"இப்பக் கேட்டுச்சா?" என்றாள்.

"ஒண்ணும் கேக்கல. திரை விலகித்தான் இருக்கு, கதவு எனக்கு நேரா தெரியுது. பட்டப்பகல் வெளிச்சம். யாருமே இல்லம்மா." நாற்காலி தள்ளப்படும் சத்தம். "நீ வெளிய வந்துடு. டெஸ்ட்டு போனாப் போகுது, முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன். இரு, வந்து திறக்கிறேன். போனை வெச்சிடாத."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அண்ணனின் செருப்புச் சத்தம் தேய்ந்து போவது கேட்டது. கதவின் அந்தப் பக்கம் சக்கரம் முனகியது. ஒரு முறை. இன்னொரு முறை, முழு பலத்தையும் கொடுத்து. உள்ளே இருந்த கைப்பிடி ஒரு நூல்கூட அசையவில்லை. இரும்புக்கு அப்பால் அவர் எதையோ கத்தினார், வார்த்தை புரியவில்லை. பிறகு செருப்புச் சத்தம் ஓடிவந்தது. மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, கைப்பிடியை விடும்மா."

"என்னண்ணே?"

"பயத்துல பிடிச்சிருக்க போல. நீ விட்டாத்தான் நான் சக்கரத்தைச் சுத்த முடியும். நான் சுத்தச் சுத்த, உள்ளேருந்து நீ எதிர்ப்பக்கமா இழுக்குற."

"நான் போன்கிட்ட இருக்கேண்ணே" என்றாள். "கதவு அந்தக் கோடியில."

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு மங்கிய பச்சையில் நின்றது. கைப்பிடி அதைவிடப் பிரகாசமாக இருந்தது. அவள் பார்க்கப் பார்க்கக் கைப்பிடியின் மேல் பட்டை பட்டையாக வெளிச்சம் ஏறியது. நாலு பட்டை, குறுக்கே தடித்த ஒன்று. பக்கத்தில் நாலு. அதன் மேல் நாலு. இடமே இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக, இறுகப் பிடித்திருக்கிற விரல்கள். சூடான விரல்கள்.

எதிர்ப்பலகைக்கு மேலே சுவர் சுத்தமாக இருந்தது. நிழல் ஒன்றுகூட இல்லை. ஏழும் கதவுக்குப் போயிருந்தன. கதவைச் சுற்றி, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி.

"அண்ணே." அவ்வளவுதான் வந்தது.

"பயப்படாத. வாசல்ல வெல்டிங் பட்டறை இருக்கு. கட்டரோட ஆளைக் கூட்டிட்டு வந்து கதவை வெட்டிடுறேன். பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்மா. எங்கயும் போயிடாத." சொன்னதும் அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். "நான் வந்துடுவேன்" என்று திருத்திச் சொன்னார். போன் மேசையில் விழுந்தது, பிறகு யாரோ அதை எடுத்து வைத்தாற்போல இணைப்பு அறுந்தது.

அவள் போனை மாட்டிவிட்டு, மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். குளிர் கால் விரலிலிருந்து முழங்காலுக்கு ஏறியிருந்தது. வாயிலிருந்து ஆவி வந்தது. பெட்டி பிரகாசமாகிக்கொண்டே போனது. தன் உடம்பில் இருந்த சூடு எங்கே போகிறது என்று இப்போது தெரிந்தது. அவள் விறைக்க விறைக்க, கதவருகில் இருந்த கைகள் மின்னின. பெயின்ட் நெடி போய்விட்டிருந்தது. குழாய் வழியாக வேறொரு வாடை வந்தது. ஈரமான நிலக்கரி. தீய்ந்த ரப்பர். புகை.

இருமினாள். இருமல் நின்ற பிறகும் பெட்டிக்குள் யாரோ இருமினார்கள்.

மகளை நினைத்துக்கொள்ள முயன்றாள். காலையில் தலை பின்னிவிடும்போது இடது பக்கம் இறுக்கமாக இருக்கிறது என்று சிணுங்கினாள், நேரமாகிவிட்டது என்று இவள் அவிழ்க்காமலே கிளம்பிவிட்டாள். சாயங்காலம் போய் அவிழ்த்துவிட வேண்டும். முதல் வேலை அது.

டொக். டொக். டொக்.

"தங்கச்சி."

அண்ணனின் குரல். கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில். இரும்புக்கு அப்பால் இருந்து வந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக இருந்தது.

"அண்ணே! வந்துட்டீங்களா? கட்டர்காரர் வந்தாரா?"

"வந்துட்டேன். கைப்பிடியை இழு. நீ உள்ளேருந்து இழு, நான் வெளியிலேருந்து சுத்துறேன்."

"அதைப் பிடிச்சிருக்காங்கண்ணே."

"இழும்மா. என்னால ரொம்ப நேரம் நிக்க முடியல."

பாவம், ஓடிவந்திருக்கிறார், வயசான மனுஷன் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் அவள் காலை நகர்த்தியது. நிழல்களின் முதுகுகளுக்கு நடுவில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கையை நீட்டினாள். எதுவும் தட்டுப்படவில்லை. வெறும் காற்று, மழைக்குப் பிந்தைய தரை மாதிரி ஈர வெதுவெதுப்போடு. கைப்பிடியைப் பற்றி, உடம்பின் எடை முழுவதையும் போட்டுக் கீழே இழுத்தாள்.

அசைந்தது.

அவள் உள்ளங்கைக்கு அடியில் ஒரு விரலின் வெளிச்சம் அணைந்தது. பிறகு இன்னொன்று. பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுப்பதுபோல இருந்தது. விட்ட விரல்கள் மறுபடியும் ஓடிவந்து பற்றின. அவள் மணிக்கட்டின் மேல் வெதுவெதுப்பாக எதுவோ அழுத்தியது. தள்ளவில்லை. கெஞ்சுகிற மாதிரி அழுத்தியது. அதை உதறினாள். கைப்பிடி பாதி இறங்கியது.

"அப்படித்தான். இன்னும் கொஞ்சம்."

"முடியலண்ணே."

"உள்ள எத்தனை பேரு இருக்கீங்க?"

"என்னண்ணே கேக்குறீங்க? நான் ஒருத்திதான்னு உங்களுக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. அல்லது, அதுவரைக்கும் மூச்சே கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஒருத்திதானா" என்றது அண்ணனின் குரல், நிதானமாக. "அப்ப இடம் இருக்கு."

போன் அடித்தது.

பெட்டியின் மறு கோடியில், அவள் முதுகுக்குப் பின்னால், அந்தப் போன். அதைக் கூப்பிட ஒரே ஓர் இடம்தான் உண்டு. கலவை மேசை. அங்கே உட்கார்ந்துகொண்டு, கட்டர்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவளைக் கூப்பிடக்கூடியவர் ஒரே ஒருவர்தான்.

அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் இழுப்பதை நிறுத்தினாள். கைப்பிடி நிற்கவில்லை. தானாக இறங்கியது. அவள் பிடியை மாற்றினாள். கீழிருந்து மேலே தள்ளினாள். தோளைக் கொடுத்தாள். தலையைக் கொடுத்தாள். பளிச்சென்ற விரல்கள் அவள் விரல்களின் மேலே, கீழே, இடுக்கில் எல்லாம் வந்து சேர்ந்துகொண்டன. அவர்களோடு சேர்ந்து அவளும் தள்ளினாள். ஏழு பேர் தோள் அவள் தோளை இடித்தது. யாரோ அழுதார்கள். அவளாகவும் இருக்கலாம்.

"வேண்டாம்" என்றாள். "வேண்டாம், வேண்டாம். இடம் இல்ல. உள்ள இடம் இல்ல."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று தெரிந்தது.

கைப்பிடி முழுக்க இறங்கியது.

போன் நின்றது.

கதவு ஒரு சாண் திறந்தது. மணி பன்னிரண்டு. உச்சி வெயில் நேரம், விடுமுறை நாள், கொட்டகை முழுக்க ஜன்னல். ஒரு பொட்டு வெளிச்சம்கூட உள்ளே வரவில்லை. வெளியே கொட்டகை இல்லை. சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழும் ஓசை, மிகத் தொலைவில், மிக ஆழத்தில். புகை.

அவள் பின்னாலேயே நகர்ந்து மூலைக்கு வந்தாள். நிழல்கள் அவளை முந்திக்கொண்டு போய் எதிர்ப்பலகையில் தத்தம் இடத்தில் உட்கார்ந்தன.

கதவின் விளிம்பில் ஒரு கை விழுந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. அது பட்ட இடத்தில் வெளிச்சம் செத்தது. ஐந்து விரலும் உள்ளங்கையுமாக, அச்சு எடுத்தாற்போல, கன்னங்கரேலென்று. பிறகு உள்பக்கச் சுவரில் இன்னொரு கை. அடுத்தது அதற்கு ஒரு முழம் இந்தப் பக்கம். தடவிக்கொண்டு வருகிறது. இருட்டில் வழி தேடுகிறவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாரே, அப்படி. அவசரம் இல்லாமல்.

தொட்ட இடம் மறுபடி ஒளிரவில்லை. கதவு போயிற்று. அறிவிப்பு போயிற்று. கூரை பாதி போயிற்று. எதிர்ச் சுவரில், இருட்டு நெருங்க நெருங்க, ஏழு நிழல்களின் முகங்களிலும் திடீரென்று இரண்டிரண்டு கைகள் பளிச்சென்று ஏறின. ஏழு ஜோடி. அவர்கள் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

இருட்டு அவர்களைத் தாண்டியது. அவர்களைத் தொடவில்லை.

அவளும் முகத்தைப் பொத்திக்கொள்ளக் கைகளைத் தூக்கினாள். இடது கை வந்தது. வலது கையை யாரோ ஏற்கெனவே பிடித்திருந்தார்கள்.